புரதத்தில் லேபிள் போட்டு வடிவம் அறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலக்கூறுகளின் எடையைப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மாஸ் ஸ்பெக்) அறைக்குப் புரத மாதிரியோடு வருகிற மாணவர்களின் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. ஒரே பதிலைப் பலமுறை சொன்னதில், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதும் பழகிவிட்டது. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. அமினோ அமிலம், பெப்டைடு வரை படித்திருந்தால் போதும். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

புரதத்துக்கு லேபிள் போடுறதுன்னா என்ன?

மதுரைச் சுங்குடிச் சேலையில் துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. அவிழ்த்து விரித்தால் சாயம் எட்டாத இடமெல்லாம் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை வைத்தே துணி எங்கெங்கே கட்டப்பட்டிருந்தது என்று சொல்லிவிடலாம்.

புரதமும் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலிதான். கரைசலில் அது மடிந்து ஓர் உருவம் எடுக்கிறது. சில அமினோ அமிலங்கள் வெளியே தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும், சில உள்ளே புதைந்துவிடும். அந்த நிலையிலேயே ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் வெளியே இருப்பவற்றில் எளிதாக ஒட்டும், புதைந்தவற்றை எட்டச் சிரமப்படும். ஒட்டிக்கொண்ட சிறு துண்டுதான் லேபிள். சகப்பிணைப்பால் ஒட்டுவதால், பிறகு புரதத்தை விரித்தாலும் வெட்டினாலும் பெரும்பாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

எடை பார்க்கிற மெஷின் எப்படி வடிவத்தைச் சொல்லும்?

அது வடிவத்தைப் பார்ப்பதே இல்லை. வடிவம் தொடர்பான வேலை முழுவதும் குழாயில், லேபிள் ஒட்டுகிற அந்தச் சில நொடிகளிலோ நிமிடத்திலோ முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வினையை நிறுத்தி, புரதத்தை விரித்து, டிரிப்சின் போன்ற நொதியால் பெப்டைடுகளாக வெட்டி, திரவ நிறப்பகுப்பில் பிரித்து, மாஸ் ஸ்பெக்கில் எடை பார்க்கிறோம்.

ஒவ்வொரு லேபிளுக்கும் துல்லியமான எடை உண்டு. டைஎத்தில் பைரோகார்பனேட் என்ற லேபிள் பொருள் ஒட்டினால் பெப்டைடின் எடை 72.02 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கூடும். அந்தப் பெப்டைடை மெஷினுக்குள்ளேயே மேலும் உடைத்தால், கூடுதல் எடை எந்தத் துண்டிலிருந்து தொடங்குகிறது என்று பார்த்து, எந்த அமினோ அமிலத்தில் ஒட்டியது என்பது வரை போகலாம். இவ்வளவு பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் அயனியாக்க முடிந்ததால்தான் இதெல்லாம் கைகூடியது. அந்த வழிகளுக்காகத்தான் ஜான் ஃபென்னுக்கும் கோய்ச்சி தனகாவுக்கும் 2002-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பரிசின் மறுபாதி, புரத வடிவத்தை என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) மூலம் கண்ட குர்ட் வியூத்ரிக்குக்குப் போனது.

எக்ஸ்ரே இருக்கு, கிரையோ இஎம் இருக்கு, இப்ப ஆல்ஃபாஃபோல்டும் வந்தாச்சு. இன்னும் இது எதுக்கு?

முதல் இரண்டும் புரத வடிவத்தை அளந்து காணும் முறைகள், ஆல்ஃபாஃபோல்டு அதைக் கணித்துச் சொல்லும் மென்பொருள். அணு அணுவாகப் படம் வேண்டுமென்றால் அவற்றிடம்தான் போக வேண்டும். லேபிள் அந்தப் படத்தைத் தராது. ஆனால் கரைசலில் புரதம் இன்னொன்றோடு சேரும்போது, மருந்து ஒட்டும்போது, அமிலத்தன்மை மாறும்போது எந்தப் பகுதி மறைகிறது, எந்தப் பகுதி திறக்கிறது என்பதை இது சொல்லும். கொஞ்ச மாதிரியிலேயே சொல்லும்.

பீட்டா-2 மைக்ரோகுளோபுலினை எடுத்துக்கொள்வோம். 99 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். சாதாரணமாகச் சிறுநீரகம் அதை இரத்தத்திலிருந்து அகற்றிவிடும். பல ஆண்டுகள் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அது இரத்தத்தில் சேர்ந்து, மூட்டிலும் எலும்பிலும் அமிலாய்டு நாராகப் படிந்து வலி கொடுக்கிறது. தனிப் புரதத்தின் வடிவம் நன்றாகவே தெரியும். தெரியாமல் இருந்தது நாராவதற்கு முன் இரண்டிரண்டாக, நான்கு நான்காகச் சேர்கிற இடைநிலைகள்தான். அவை நெடுநேரம் நிலைத்து நிற்பதில்லை, படிகமாக்குவதும் கடினம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ரிச்சர்ட் வாஷேயின் குழு, தாமிர அயனி சேர்த்து இந்தப் புரதத்தை ஒன்றுசேர வைத்து, லேபிள் போட்டு, எந்த முகம் எந்த முகத்தோடு ஒட்டுகிறது என்று ஆராய்ந்தது. படம் எடுக்க நேரம் தராத நிலையையும் லேபிள் பிடித்துவிடுகிறது. எனக்கு இந்த முறை மேல் இருக்கும் மரியாதைக்கு முதல் காரணம் இதுதான்.

டிஇபிசின்னா ஆர்என்ஏ வேலைக்குத் தண்ணியில போடுறதுதானே? ரெண்டும் ஒண்ணா?

ஒன்றேதான். மேலே சொன்ன டைஎத்தில் பைரோகார்பனேட்டின் சுருக்கப் பெயர் அது. ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் ஏ நொதியின் வினைத்தளத்தில் 12-ஆவது, 119-ஆவது இடங்களில் இரண்டு ஹிஸ்டிடின்கள் இருக்கின்றன. டிஇபிசி ஹிஸ்டிடினில் ஒட்டினால் நொதி செயலிழக்கும். நீங்கள் பல வருடமாகத் தண்ணீர்ப் பாட்டிலில் செய்துவருவதும் புரதத்துக்கு லேபிள் போடுகிற வேலையேதான். அங்கே நொதியை முடக்குவது நோக்கம், இங்கே எங்கே ஒட்டியது என்று படிப்பது நோக்கம்.

அளவுதான் பெரிய வேறுபாடு. வடிவ ஆய்வில் புரதத்தின் மோல் அளவைப்போல் நாலைந்து மடங்கு மட்டும் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு நிமிடம் வைத்து, இமிடசோல் ஊற்றி நிறுத்துவது வழக்கம். டிஇபிசி தண்ணீரில் தானாகவே எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் சிதையும். அதனால் ஈரமில்லாத அசிட்டோநைட்ரைலில் புதிதாகக் கலக்கி உடனே பயன்படுத்த வேண்டும். புகைக்கூண்டுக்குள் வைத்தே கையாளுங்கள்.

எந்த கெமிக்கல் எதுல ஒட்டும்? ஒரே கெமிக்கல் எல்லாத்துலயும் ஒட்டாதா?

டிஇபிசி ஹிஸ்டிடின், லைசின், டைரோசின், செரின், திரியோனின், சிஸ்டீன், சங்கிலியின் அமினோ முனை ஆகியவற்றில் ஒட்டும். குறிப்பிட்ட ஒன்றை மட்டும் குறிவைக்கிற பொருள்களும் உண்டு. சிஸ்டீனுக்கு என்-எத்தில் மேலிமைடு (125.05 கூடும்). அஸ்பார்ட்டிக், குளூட்டாமிக் அமிலங்களுக்கு இடிசி என்ற இணைப்பானுடன் கிளைசின் எத்தில் எஸ்டர் (85.05 கூடும்).

ஏறக்குறைய எல்லாவற்றையும் தொட வேண்டுமானால் ஹைட்ராக்சில் ரேடிகல் இருக்கிறது, இணையில்லாத எலெக்ட்ரான் கொண்டதால் கிடைத்ததோடு உடனே வினைபுரியும் OH துண்டு. அது தண்ணீர் மூலக்கூறு அளவே இருப்பதால் தண்ணீர் புகும் இடமெல்லாம் புகும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் தொடாது. சிஸ்டீன், மெத்தியோனின், டிரிப்டோஃபேன், டைரோசின் ஆகியவை வேகமாக வினைபுரியும், கிளைசினும் அலனினும் மிக மெதுவாகத்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

என் புரதம் டிரிஸ் பஃபர்ல இருக்கு. அப்படியே போட்டுடலாமா?

கூடாது. பஃபர் என்பது அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல், அதிலுள்ள டிரிஸ் ஓர் அமீன். டிஇபிசி புரதத்துக்குப் போகும் முன்பே பஃபரோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். ஆர்என்ஏ வேலையிலும் டிரிஸ் கரைசலுக்கு டிஇபிசி போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்களே, அதே காரணம்தான். பாஸ்பேட் அல்லது மாப்ஸ் பஃபருக்கு மாற்றிவிட்டு வாருங்கள். ரேடிகல் முறைக்கு டிடிடீ என்ற ஒடுக்கி, கிளிசரால், டிஎம்எஸ்ஓ எல்லாமே ரேடிகலை விழுங்கும். மருந்தை டிஎம்எஸ்ஓவில் கரைத்திருந்தால், மருந்து இல்லாத குழாயிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். பாழாகிப்போன ஒப்பீடுகளில் நான் அதிகம் பார்த்தது இந்தத் தவறைத்தான்.

லேபிளே புரதத்தோட வடிவத்தைக் கெடுத்துடாதா?

கெடுக்கலாம். இந்தத் துறையில் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இது. லைசினில் டிஇபிசி ஒட்டினால் அதன் நேர்மின்னேற்றம் போய்விடும். அந்த மின்னேற்றம் ஏதாவது ஒரு மடிப்பைத் தாங்கிக்கொண்டிருந்தால் மடிப்பு தளரும், உள்ளே இருந்தது வெளியே வரும், அதிலும் லேபிள் ஒட்டும். பிறகு நாம் படிப்பது இயல்பான புரதத்தை அல்ல, லேபிள் குலைத்துப்போட்ட புரதத்தை.

இதைத் தடுக்க ஒரு வழி, கொஞ்சமாகப் போடுவது. சராசரியாக ஒரு புரத மூலக்கூறுக்கு ஒரு லேபிள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால், ஒட்டிய முதல் லேபிள் இயல்பான வடிவத்தைப் பார்த்தே ஒட்டியிருக்கும். அது போதுமா என்று சோதிக்க, டிஇபிசி செறிவைப் படிப்படியாகக் கூட்டி, லேபிள் ஒட்டாத பெப்டைடின் பங்கின் மடக்கையை வரைந்து பாருங்கள். நேர்கோடாகப் போகும்வரை வடிவம் அப்படியே இருக்கிறது. ஒரு செறிவுக்கு மேல் கோடு வளைந்து வேகம் கூடினால், அங்கே புரதம் திறக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் செறிவுக்குக் கீழேயே நில்லுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நாள் ஆகும். அந்த நாளை மிச்சம்பிடிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

இன்னொரு வழி, புரதம் அசையும் முன்பே முடித்துவிடுவது. அதற்கு லேசர் வேண்டும்.

லேசர் வச்சு லேபிள் போடுறாங்களாமே, அது எப்படி?

செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிராஸின் குழு 2005-இல் வெளியிட்ட முறை இது. புரதங்களின் வேக ஒளிவேதி ஆக்சிஜனேற்றம் என்பதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எஃப்பிஓபி என்று சொல்வார்கள். புரதத்தோடு சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாக ஓட விடுகிறார்கள். குழாயின் ஒரு புள்ளியில் 248 நானோமீட்டர் லேசர் துடிப்பு விழுகிறது. பெராக்சைடு உடைந்து ஹைட்ராக்சில் ரேடிகல் பிறக்கிறது. கரைசலில் சேர்த்திருக்கும் குளூட்டமின் போன்ற பொருள் அந்த ரேடிகல்களை விழுங்கி, ஏறக்குறைய ஒரு மைக்ரோநொடிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. பெரிய மடிப்புகள் அவிழ அதைவிட அதிக நேரம் வேண்டும். அதனால் லேபிள் தன் வேலையை முடித்த பிறகுதான் புரதம் கலைய முடியும்.

ஓட்ட வேகத்தையும் லேசர் துடிப்பையும் பொருத்தமாக அமைத்து, ஒரே திரவத் துளி இரண்டு முறை அடிபடாமல் இடைவெளி விடுவார்கள். வெளியே வரும் திரவம் மெத்தியோனினும் கேட்டலேஸ் நொதியும் இருக்கும் குழாயில் விழும், இல்லையென்றால் மிச்சமிருக்கும் பெராக்சைடு மெதுவாகத் தன் வேலையைத் தொடரும்.

எனக்கு 16 கூடியிருக்கு. லேபிள் விழுந்திருச்சுன்னு எடுத்துக்கலாமா?

லேசர் போடாத குழாயைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ரேடிகல் லேபிள் பெரும்பாலும் ஓர் ஆக்சிஜனாகத்தான் சேரும், அப்போது 15.99 கூடும். ஆனால் ரேடிகல் இல்லாமலும் ஆக்சிஜன் சேரும். மெத்தியோனின் ஃப்ரீசரில் இருக்கும்போதே ஆக்சிஜனேற்றமடையும், மெஷினின் தெளிப்பானிலும் அடையும். எல்லாப் படியும் செய்து லேசரை மட்டும் அணைத்துவைத்த கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் ரேடிகல் சோதனையின் முடிவை நான் ஏற்பதில்லை. ஃபினைல் அலனினிலோ லியூசினிலோ 16 கூடியிருந்தால் நம்பிக்கை அதிகம், அவை தாமாக அவ்வளவு எளிதில் ஆக்சிஜனேற்றமடைவதில்லை.

லேபிள் போட்டதுக்கு அப்புறம் டிரிப்சின் சரியா வெட்டலையே, நொதி கெட்டுப்போச்சா?

நொதியைக் குறை சொல்ல வேண்டாம். டிரிப்சின் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்து வெட்டும். லைசினில் லேபிள் ஒட்டினால் அதை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடும். அங்கே இரண்டு பெப்டைடுகள் ஒன்றாக வரும். தேடும் மென்பொருளில் வெட்டப்படாத இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிவையுங்கள், அல்லது கைமோடிரிப்சினால் வெட்டுங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. லேபிள் ஒட்டிய நீளப் பெப்டைடும் ஒட்டாத குட்டைப் பெப்டைடும் ஒரே திறனோடு அயனியாவதில்லை. அதனால் மெஷின் தருகிற "30 சதவீதம்" உண்மையில் 30 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பெப்டைடை இரண்டு நிலைகளில் ஒப்பிடும்போது இந்தப் பிழை இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். அந்த விகிதத்தை நம்பலாம்.

ஒரு அமினோ அமிலத்துல நிறைய லேபிள் இருக்கு, அப்ப அது வெளியே இருக்கு. சரிதானே?

பாதி சரி. சுங்குடியில் துணி முழுவதும் ஒரே நூல், சாயம் எங்கும் ஒரே மாதிரி பிடிக்கும். புரதத்தில் அப்படி இல்லை. மெத்தியோனின் கொஞ்சம் எட்டிப்பார்த்தாலும் ரேடிகல் பிடித்துக்கொள்ளும், அலனின் முழுக்க வெளியே இருந்தும் வெறுமையாகத் தெரியும். லைசின் மின்னேற்றத்தோடு இருக்கும்வரை டிஇபிசியோடு வினைபுரியாது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மின்னேற்றத்தை இழப்பது எளிதாகவோ கடினமாகவோ இருக்கும். செரின், திரியோனின் பக்கத்தில் நீர்வெறுக்கும் பகுதி இருந்தால் டிஇபிசி அங்கே கூடுதலாகச் சேர்ந்து லேபிளும் கூடுதலாக விழும்.

ஆகவே ஒரே நிலையில் லைசினையும் அலனினையும் ஒப்பிட்டு எது வெளியே என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 45-ஆவது லைசினை 45-ஆவது லைசினோடு ஒப்பிடுங்கள்: மருந்து இல்லாமல் எவ்வளவு, மருந்தோடு எவ்வளவு. அந்த மாற்றத்தைத்தான் இந்த முறை நேர்மையாகத் தரும்.

மருந்து சேர்த்ததும் ஒரு இடத்துல லேபிள் குறைஞ்சிருச்சு. மருந்து அங்கதான் ஒட்டுதா?

இருக்கலாம். மருந்து வேறெங்கோ ஒட்டி, அதனால் புரதம் இறுகி இந்த இடம் மூடிக்கொண்டிருக்கவும் கூடும். இரண்டிலும் லேபிள் குறையும். குறைந்த இடங்கள் முப்பரிமாண மாதிரியில் பக்கம் பக்கமாக ஒரே மேற்பரப்பில் விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால் ஒட்டுமிடமாக இருக்க வாய்ப்பு அதிகம். சிதறி விழுந்து, வேறு சில இடங்களில் லேபிள் கூடியும் இருந்தால் வடிவ மாற்றத்தைச் சந்தேகியுங்கள். அந்த அமினோ அமிலத்தை மாற்றிப்போட்டு மருந்து ஒட்டுகிறதா என்று தனியாகச் சோதிப்பதுதான் உறுதியான வழி.

டியூட்டீரியம் முறையும் இதுவும் ஒண்ணுதானா? எது நல்லது?

எடை கூடிய ஹைட்ரஜனான டியூட்டீரியமும் ஒரு லேபிள்தான், ஆனால் அது கேட்கிற கேள்வி வேறு. புரதத்தைக் கனநீரில் போட்டால், சங்கிலியின் முதுகெலும்பிலுள்ள அமைடு ஹைட்ரஜன்கள் டியூட்டீரியத்துக்கு இடம் விடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடை ஏறக்குறைய 1 டால்டன் கூடும். ஹைட்ரஜன் பிணைப்பில் மாட்டியிருப்பவை மெதுவாக மாறும். புரோலினுக்கு மட்டும் அந்த அமைடு ஹைட்ரஜன் இல்லை. புரத ஹைட்ரஜன் பரிமாற்றத்தை 1950-களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் தொடங்கிவைத்தார். மாஸ் ஸ்பெக் அதோடு சேர்ந்தது வெகு பின்னால்.

டியூட்டீரியம் நிலைத்து நிற்காது, சாதாரணத் தண்ணீர் பட்டால் திரும்பிப் போய்விடும். அதனால் பிஎச் 2.5-க்கும் வெப்பநிலையைப் பூஜ்ஜிய டிகிரிக்கும் இறக்கி, அந்த அமிலத்திலும் வேலை செய்கிற பெப்சினால் வெட்டி, அவசர அவசரமாக மெஷினுக்குள் அனுப்ப வேண்டும். டிஇபிசி, ரேடிகல் லேபிள்கள் அப்படி ஓடச் சொல்லாது. டியூட்டீரியம் முதுகெலும்பைப் பற்றிச் சொல்லும், நாம் பேசிவந்த லேபிள்கள் பக்கக் கிளைகளைப் பற்றிச் சொல்லும். முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள், ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பும்.

கிராஸ்லிங்க் போட்டா தூரமே தெரியுமாமே?

தெரியும், ஆனால் உச்சவரம்பாக மட்டும். டிஎஸ்எஸ், பிஎஸ்3 போன்றவை இரண்டு முனையிலும் லைசினைப் பிடிக்கும் மூலக்கூறுகள். இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள நடுக்கை 11.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் 0.1 நானோமீட்டர்). அதோடு இரண்டு லைசின்களின் பக்கக் கிளை நீளமும் புரதத்தின் அசைவும் சேர்ந்தால், முதுகெலும்பிலிருந்து முதுகெலும்புக்கு 30 ஆங்ஸ்ட்ராம் வரை போகலாம். "இரண்டும் 11.4 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் உள்ளன" என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

57 கூடினா அயோடோஅசிட்டமைடுதானே? என் அஸ்பார்ட்டிக் அமிலத்துல எப்படி வந்துச்சு?

நல்ல பொறி இது. சிஸ்டீனை மூட நாம் வழக்கமாகப் போடும் அயோடோஅசிட்டமைடு 57.02 சேர்க்கும். கிளைசின் எத்தில் எஸ்டர் லேபிளின் எஸ்டர் முனை நீராற்பகுப்பில் அறுந்துபோனால், 85.05 குறைந்து அதுவும் 57.02 ஆகிவிடும். தோராயமான ஒற்றுமை அல்ல, இரண்டின் அணுக்கூட்டும் ஒன்றேதான். எவ்வளவு துல்லியமான மெஷினாலும் எடையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பெப்டைடை உடைத்துப் பார்த்து, 57 சிஸ்டீனில் இருக்கிறதா, அஸ்பார்ட்டிக் அமிலத்தில் இருக்கிறதா என்று இடத்தைக் கண்டால்தான் தெரியும். தேடும்போது 85.05, 57.02 இரண்டையும் அமில அமினோ அமிலங்களுக்குச் சேர்த்துக் கொடுங்கள்.

உள்ளே புதைஞ்ச சிஸ்டீன்ல டிஇபிசி லேபிள் வந்திருக்கு. அப்ப புரதம் திறந்துக்கிச்சா?

அவசரப்பட வேண்டாம், அது இடம் மாறி வந்த லேபிளாக இருக்கலாம். ஹிஸ்டிடினில் ஒட்டிய டிஇபிசி அவ்வளவு உறுதியானது அல்ல. வெட்டுவதற்கு முன் சிஸ்டீன்களை இரண்டிரண்டாக இணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைக்கிறோம் அல்லவா, அப்போது விடுபடும் சிஸ்டீன்கள் அந்த லேபிளைப் பறித்துக்கொள்ளும். சாயம் காய்வதற்குள் துணியை மடித்தால் பக்கத்து மடிப்பில் ஒட்டுகிற மாதிரி.

பிணைப்பை உடைத்த உடனேயே சிஸ்டீன்களை அயோடோஅசிட்டமைடால் மூடிவிட்டால் இந்தத் தாவல் பெரும்பாலும் நிற்கும். மூடும் படியைத் தாமதிக்காமல் செய்த மாதிரியிலும் அந்தச் சிஸ்டீனில் லேபிள் தெரிந்தால், அப்போது புரதம் திறந்ததா என்ற கேள்விக்கு வரலாம். முதலில் செறிவுச் சோதனையின் கோட்டை எடுத்துப் பாருங்கள், அந்தப் பெப்டைடுக்கு அது எங்கே வளையத் தொடங்குகிறது என்று.